கடனும் கைரேகையும்

வேளாண்மைத் தொழிலில் செலவு முந்தியும் வரவு பிந்தியும் நிகழ்வது இயற்கை. சம்பா சாகுபடிக்காக ஆவணியில் கையை விட்ட பணம் தை மாதத்திலேதான் நெல்லாகத் திரும்புகிறது. இடையிலுள்ள ஐந்தாறு மாதங்களில் விதை, உரம், நடவுக்கூலி, களையெடுப்பு, அறுவடைக்கூலி முதலியவற்றிற்குக் கைமுதல் இல்லாத குடியானவர் பிறரிடம் பெற்றே தீர வேண்டும். ஆகையால் கடன் வாங்குவது குற்றமுமன்று, இழிவுமன்று. வாங்கிய தொகை எதில் செலவாகிறது, எந்த மகசூலிலிருந்து எந்த நாளில் அடைபடப் போகிறது, அக்கடனைப் பிறப்பிக்கும் கையெழுத்தும் கைரேகையும் யார் வசத்தில் இருக்கின்றன என்பவையே கவனிக்கத் தக்கவை. முதலிரண்டைப் பற்றிக் கிராமங்களில் ஓரளவு பேச்சு உண்டு. மூன்றாவதைப் பற்றிப் பணம் போன பின்னரே பேச்சு எழுகிறது.

சென்னை மாகாணத்துக் குடியானவர்களின் கடன் பளுவை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் மாகாணத்தின் முதற் சங்கம் பதிவாயிற்று. 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கியைத் தள்ளியதோடு, அசலைப்போல் இருமடங்கு செலுத்தியவருக்குக் கடன் முழுதும் தீர்ந்ததாகவும் விதித்தது. செலுத்தியதற்கு எழுத்து வைத்திராதவருக்கு அச்சட்டம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும் வழிகள் இன்று அந்நாளைவிடப் பன்மடங்கு பெருகியுள்ளன. எழுத்தைக் காத்துக்கொள்ளும் பழக்கம் அவ்வளவு பெருகியதாகச் சொல்வதற்கில்லை.

வட்டியை ஆண்டுக் கணக்கில் காணல்

கிராமங்களில் "இரண்டு வட்டி", "மூன்று வட்டி" என்று சொல்வது வழக்கம். இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். காதுக்குச் சிறிதாகவே ஒலிக்கும் இது ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 24 ஆகும். ஐந்து வட்டி 60 ஆகும். ஒரு லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு ஓராண்டு வைத்திருந்தவர் வட்டியாக மாத்திரம் 24,000 ரூபாய் கொடுக்கிறார். அதே தொகை பயிர்க்கடனாக 7 சதவீதத்திற்குக் கிடைத்திருந்தால் 7,000 ரூபாயே ஆகியிருக்கும். ஆகையால் எவரிடம் கடன் கேட்பினும் முதற்கண் ஆண்டு வட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

தண்டல் கடனில் இக்கணக்கு மேலும் மறைந்து கிடக்கிறது. 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் தண்டுகிறார்கள் என்று கொள்க. நூற்றுக்குப் பத்துதானே என்று கருதுவோர் பலர். உண்மையில் கடன் வாங்கியவர் கையில் 9,000 ரூபாய் முதல் நாளன்று மாத்திரமே இருந்தது. நாள்தோறும் அது குறைந்துகொண்டே வந்தமையால், சராசரியாக அவர் வைத்திருந்தது ஏறக்குறைய 4,500 ரூபாய். அதற்கு நூறு நாட்களுக்கு 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 80 ஆகிறது. இத்தகைய கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கவே 2003-இல் தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் உண்டென்பதை அறியாமல் நிலத்தை எழுதிக் கொடுத்து விடுவோர் இன்றும் உளர்.

தவணைமுறைக் கடனும் இத்தகையதே. மோட்டார் சைக்கிளுக்காக 60,000 ரூபாய் இரண்டாண்டுத் தவணையில், "12 சதவீதம்" என்று சொல்லித் தரப்படுகிறது என்று கொள்வோர் 14,400 ரூபாய் வட்டி சேர்த்து மாதம் 3,100 ரூபாய் கட்டுவர். ஓராண்டு முடிவில் அசலில் ஏறக்குறையப் பாதியளவு திரும்பிவிட்ட போதிலும், வட்டியோ கடைசி மாதம் வரை முழு 60,000 ரூபாய்க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்து வரும் அசலின்மீது பார்த்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு 21-க்கு மேற்படுகிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்க்குத் தரும் தவணைக் கடன்களுக்கு, எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் முன்னதாகக் கொடுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்து, அது 2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. அதைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு வரியைப் படித்த பின்னரே கையெழுத்திடுவது நலம்.

வட்டியைக் காட்டிலும் குடியானவருக்குப் பெரிய இடையூறு தவணையின் நாளே. மாதச் சம்பளம் வாங்குவோருக்கு வகுத்த ஏற்பாடு மாதத் தவணை. குறுவையும் சம்பாவும் செய்பவருக்கோ புரட்டாசி ஐப்பசியில் ஒரு முறையும், தை மாசியில் ஒரு முறையும் பணம் கண்ணில் படும். மற்ற மாதங்களின் தவணையைக் கட்ட அவர் கைமாற்று வாங்குகிறார். கைமாற்றை அடைக்க நகை பெட்டியை விட்டு வெளியேறுகிறது. பால் மாடு வைத்துச் சங்கத்திற்குப் பால் ஊற்றும் வீட்டிற்கு மாதத் தவணை ஒருவாறு பொருந்தலாம்; நெல் ஒன்றையே நம்பிய வீட்டிற்கு அது பொருந்துவதில்லை. கடன் அட்டையின் பாக்கியில் குறைந்தபட்சத் தொகையை மாத்திரம் கட்டி வருவது யாவற்றினும் கேடு தருவது. எஞ்சிய தொகைக்குப் பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி ஏறுகிறது.

விவசாயக் கடன் அட்டை

இவற்றிற்கு மாறாகப் பருவத்தோடு ஒத்துச் செல்வது 1998-இல் ஏற்பட்ட கிசான் கிரெடிட் கார்டு எனப்படும் விவசாயக் கடன் அட்டை. மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிருக்குப் பயிர் ஏக்கருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கும் தொகையே இதன் அடிப்படை. அத்தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்றும், சாகுபடிப் பரப்பு ஐந்து ஏக்கர் என்றும் கொண்டால் 1,50,000 ரூபாய் ஆகிறது. இதில் நூற்றுக்குப் பத்து வீதம் 15,000 ரூபாய் அறுவடைக்குப் பிந்திய செலவிற்கும் குடும்பச் செலவிற்குமாகவும், நூற்றுக்கு இருபது வீதம் 30,000 ரூபாய் பண்ணைச் சாதனங்களின் பராமரிப்பிற்காகவும் சேர்ந்து, பயிர்க் காப்பீட்டுப் பிரிமியம் நீங்கலாக 1,95,000 ரூபாய் வரம்பு ஏற்படுகிறது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஈடின்றியே வங்கிகள் விவசாயக் கடன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இவ்வரம்பினுள் குடும்பச் செலவிற்கும் ஒரு பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். பள்ளிச் சம்பளத்திற்கும் தீபாவளித் துணிக்கும் கடைத் தவணையையோ செயலிக் கடனையோ நாடுவோர், அதே தொகை 7 வட்டியில் தம் அட்டையிலேயே கிடப்பதைக் கவனிப்பதில்லை. அட்டையிலிருந்து எடுத்த தொகைக்கே வட்டி, எடுக்காததற்கு இல்லை. ஆதலால் வரம்பு முழுவதையும் முதல் நாளே எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல், நடவுக்கு நடவின்போதும் உரத்திற்கு உரமிடும்போதும் எடுத்தல் சிக்கனம். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனை உரிய தேதியில் அடைத்தவருக்கு வட்டியில் 3 கழிந்து 4 மாத்திரமே ஆகிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய நாளில் அடைப்போரின் பயிர்க்கடன் வட்டியை அரசாங்கமே ஏற்கிறது. ஒரு நாள் தவறினும் இச்சலுகை போய்விடுகிறது.

இதனால் விளைந்த தீய வழக்கம் ஒன்றுண்டு. தவணை நாள் நெருங்கியதும், நெல்லை விற்று அடைப்பதற்குப் பதிலாக, இரண்டொரு நாளுக்கென்று தனியாரிடம் பெருந்தொகை கைமாற்று வாங்கி வங்கியில் கட்டி, மறுநாளே புதுக்கடன் எடுத்துக் கைமாற்றைத் தீர்க்கிறார்கள். 1,50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு வீதம் கொடுத்தால் 3,000 ரூபாய் போகிறது. வட்டிச் சலுகையோ 4,500 ரூபாய். ஆகவே 1,500 ரூபாய் மிச்சம் என்று அவர்கள் கணக்கு. அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை என்பது அக்கணக்கில் வருவதில்லை. சுழற்றிவிட்ட கடன் ஒரு வருஷம் மழை பொய்த்ததும் முழுப் பளுவாக வந்து நிற்கும். கைமாற்றுக் கொடுப்பவர் அந்த இரண்டு நாளுக்கும் வெற்று நோட்டில் கையெழுத்துக் கேட்பதுமுண்டு. அதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வெற்று நோட்டு

தொகையும் தேதியும் எழுதாத பிராமிசரி நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுப்பது நாட்டில் பரவியுள்ள பெருந்தீங்கு. "நம்பிக்கைக்காக" என்று கேட்பதும், மறுத்தால் கடன் இல்லை என்பதும் வழக்கம். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு யாது சொல்கிறதெனில், முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்திட்டு முழுதும் எழுதாமல் ஒருவர் கொடுத்துவிட்டால், அந்த முத்திரை தாங்கும் அளவு வரை தொகையை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் அவர் கொடுத்ததாகவே முதல் நோக்கில் கொள்ளப்படும். அன்றியும், நோட்டுக்கு ஈடாகப் பணம் பெற்றதாகவே நீதிமன்றம் முதற்கண் ஊகித்துக்கொள்ளும். பெறவில்லையென்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. 10,000 ரூபாய் வாங்கிய ஒருவர்மீது ஒரு லட்ச ரூபாய்க்கு வழக்கு வருவது இவ்வழியாகவே. வெற்றுக் காசோலையும் இதற்கு இளைத்ததன்று.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும், தேதியையும் வட்டி வீதத்தையும் எழுதிய பின்னரே கையெழுத்திட வேண்டும். நோட்டின் நகலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது இக்காலத்தில் எவர்க்கும் எளிது. பணம் கட்டுந்தோறும் நோட்டின் பின்புறம் வரவு எழுதுவித்து, தனி ரசீதும் பெற வேண்டும். வங்கி வழியாகச் செலுத்தினால் அதுவே சாட்சி. வரவுக் குறிப்பில் கையெழுத்திடுவதிலும் கவனம் வேண்டும். நோட்டின் கெடு மூன்றாண்டு. அக்கெடுவுக்குள் ஒரு சிறு தொகை செலுத்தியதாக எழுதிக் கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக மூன்றாண்டு தொடங்கும். செலுத்தாத தொகைக்கு வரவு எழுதிக் கையெழுத்துக் கேட்பவரின் நோக்கம் இதுவே. கடன் தீர்ந்தவுடன் நோட்டைத் திரும்பப் பெற்று, குறுக்கே கோடிட்டு வைத்தல் வேண்டும். "தேடிப் பார்த்துத் தருகிறேன்" என்ற சொல்லை நம்பி வீடு திரும்புதல் கூடாது.

ஜாமீன் கையெழுத்தும் கடன் கையெழுத்தே. பிறர் கடனுக்கு ஜாமீன் நின்றவரின் பெயரும் சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறுகிறது. அங்கு ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடப்பட்டு, வங்கிகள் அதைப் பார்த்தே புதுக்கடன் தருகின்றன. உறவினருக்காக நின்ற ஜாமீன் பாக்கியாகி, சொந்த டிராக்டர் கடன் மறுக்கப்பட்ட பின்னரே பலர் இதை அறிகிறார்கள். நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் 2017 முதல் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டுள்ளன. தாம் வாங்காத கடன் எதுவும் தம் பெயரில் இருக்கிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். பிழையைக் குறித்து எழுதிக் கேட்டு 30 நாட்களுக்குள் தீராவிடில், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு.

விரல்ரேகையும் ஒருமுறை எண்ணும்

முற்காலத்தில் மகசூல் குதிரிலும் பத்தாயத்திலும் கிடந்தது. திருடன் சுவரைத் துளைத்தே வர வேண்டியிருந்தது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் அளந்தவரின் பணம் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. பத்தாயத்தின் சாவி இப்பொழுது விரல் நுனியிலும், கைப்பேசியில் வரும் ஓ.டி.பி. எனும் ஒருமுறை எண்ணிலும் இருக்கிறது.

வங்கி முகவரிடம் சிறு கருவியில் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் பெறலாம். அதற்கு அட்டை வேண்டுவதில்லை. இரகசிய எண் வேண்டுவதில்லை. ஒருமுறை எண்ணும் வேண்டுவதில்லை. முதியோருக்கும் எழுதப் படிக்க அறியாதோருக்கும் இது பேருதவி. ஆனால் எண்ணும் ரேகையும் பிறர் கைக்குச் சென்றால் தடுப்பதற்கு வேறு கதவு இல்லை. நிலம் வைத்திருப்போருக்கு இதில் தனிப்பட்ட ஓர் அபாயம் உண்டு. கிரயப் பத்திரங்களில் அவர்களுடைய ரேகை பதிந்திருக்கிறது. அப்பத்திரங்களின் நகல்கள் பல கைகளுக்குச் செல்கின்றன. தெலங்கானாவின் பெத்தப்பள்ளி மாவட்டத்தில் 2018-ஆம் ஆண்டு ஒருவர், பதிவுத்துறையின் இணையத்தளத்திலிருந்து நிலப் பத்திரங்களை எடுத்து, அவற்றிலிருந்த ரேகைகளை ரப்பரில் படியெடுத்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கியது வெளிப்பட்டது. இவ்வாறு எடுத்த ரேகையால் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் எடுத்த குற்றங்களும் பின்னர் வேறு மாநிலங்களில் நிகழ்ந்தன.

இதற்கு மாற்று, ஆதாரின் உடற்கூறு அடையாளத்தைப் பூட்டி வைத்தல். ஆதார் செயலியிலோ ஆதார் சேவை மையத்திலோ இதனைச் செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. பூட்டியிருக்கும்போது எவர் ரேகையை வைத்தாலும் கருவி ஏற்காது. நியாயவிலைக் கடைக்குச் செல்லும் நாளில் திறந்துகொண்டு பின்னர் பூட்ட வேண்டியிருப்பது ஒரு தொல்லையே; பணம் போன தொல்லைக்கு அது சிறிது. நகல் கேட்குமிடங்களில் கடைசி நான்கு இலக்கம் மாத்திரம் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். நகலின்மீது எதற்காக, எந்நாளில் கொடுத்தது என்று குறுக்கே எழுதிவிடுவது பழைய வழக்கமாயினும் நல்ல வழக்கம். முகவரிடம் "சரியாக விழவில்லை, மறுபடி வையுங்கள்" என்று கேட்டு விரல் வைத்தவர், முதன்முறையே பணம் போய்விட்டதா என்பதைக் குறுஞ்செய்தியிலோ பாஸ் புத்தகத்திலோ பார்த்தல் அவசியம்.

குறுஞ்செய்தி எவருடைய கைப்பேசிக்கு வருகிறது என்பதும் முக்கியம். கணக்குத் தொடங்கிய காலத்தில் உரக்கடைக்காரருடைய எண்ணையோ, வெளியூர் சென்றுவிட்ட உறவினருடைய எண்ணையோ எழுதிக் கொடுத்துவிட்டு மறந்தவர் பலர். அவர்களுக்குக் கணக்கில் நடப்பது எதுவும் தெரியாது. வங்கிக்கு நேரிற் சென்று தம் சொந்த எண்ணைப் பதிவு செய்துகொள்வதை ஒத்திப்போடலாகாது.

ஏமாற்றுவோர் பெரும்பாலும் அரசாங்கத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே வருகின்றனர். பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டது, இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று வாட்சப்பில் ஒரு கோப்பு வரும். அதைத் திறந்தால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தும் வேறொருவருக்குப் போகத் தொடங்கும். கடன் தள்ளுபடி, பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, மானியம் என்று வெவ்வேறு பெயரில் ஒருமுறை எண்ணைக் கேட்பர். பணம் பெறுவதற்கு ஒருமுறை எண்ணோ பின் எனும் இரகசிய எண்ணோ வேண்டுவதேயில்லை. பணம் கொடுப்பதற்கே அவை வேண்டும். ஆதலின் எண்ணைக் கேட்பவர் எப்பெயர் சொல்லினும் பணம் எடுக்க வந்தவரே. உடனடிக் கடன் தரும் செயலிகளில் சில, கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பின்னர் உறவினரிடம் அவமானப்படுத்துவதாக மிரட்டுகின்றன. பெயர்ப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் எடுத்தல் கூடாதென்று 2022-இலேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அவற்றைக் கேட்கும் செயலியை அக்கணமே விலக்குக.

கிராம அதிகாரிகளுக்கு

அடங்கல் சான்றுக்காகவும் திட்டப் பதிவிற்காகவும் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை உதவி அலுவலரிடமும் ஊரார் அனைவருடைய பாஸ் புத்தக நகலும் ஆதார் நகலும் வந்து சேருகின்றன. அவை வெறுந்தாள்கள் அல்ல. வேலை முடிந்த நகல்களைக் கட்டுக் கட்டாகத் திண்ணையில் போடுவதும், பொட்டலக் கடைக்கு எடைக்கு விடுவதும் தவிர்க்க வேண்டியவை. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, நூறு கோடி ரூபாய்க்கு மேல் தவறாகச் சென்றது. அலுவலர்களுக்குரிய கணினிக் கடவுச்சொற்கள் தற்காலிகப் பணியாளர், தனியார் கணினி மையத்தார் கைகளுக்குச் சென்றதே அதற்கு வழியாயிற்று. நெருக்கடியான நாட்களில் உதவிக்கு வந்தவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவது எளிது. பின்னர் அப்பெயரில் நடந்தவை யாவற்றிற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அதற்கு உரிய அலுவலரே. முகாம்களில் வரிசையில் நிற்பவர்களிடம் ஒருமுறை எண்ணை உரக்கச் சொல்லச் சொல்வதும் விலக்கத் தக்கது. எண்ணைக் கேட்பவருக்குச் சொல்லிவிடும் பழக்கத்தை ஊராருக்குக் கற்பிப்பது அதுவே.

பணம் போய்விட்டால்

முதல் ஒரு மணி நேரமே மதிப்புள்ளது. 1930 என்ற எண்ணை அழைத்து, போன தொகை, நேரம், குறுஞ்செய்தியிலுள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொன்னால், பணம் சென்று சேர்ந்த கணக்கை முடக்குவதற்கு வழியுண்டு. வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்து வைத்தால் அவ்வழி அடைபடும். அடுத்து வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுக. 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, கணக்குடையவருடைய கவனக்குறைவின்றி மூன்றாமவர் செய்த மோசடியை, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் அவரைச் சாராது. ஒருமுறை எண்ணைத் தாமே சொல்லியிருந்தாலோ, புகார் கொடுக்கும் வரையிலான நஷ்டம் அவருடையதே. புகாருக்குப் பின் போவது வங்கியினுடையது. ஆகவே அந்நிலையிலும் விரைவு பயனுடையது. 30 நாட்களுக்குள் வங்கி தக்க பதில் அளிக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். பாஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் 1930 என்பதையும் கிளையின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்க, அங்கே ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண் எழுதப்பட்டிருக்குமாயின் இன்றே அழித்து, அவ்வெண்ணையும் மாற்றிக்கொள்க.